பியானோ சென்டர் பின்னுக்கான மசகு: மூடிய பாட்டிலிலேயே பாதி காணவில்லை, மீதியைப் பயன்படுத்தலாமா?

சாந்தோம்_அப்ரைட்

வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது பழைய இங்கிலாந்து அப்ரைட் பியானோ. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து நடு ஆக்டேவில் சில கட்டைகள் மந்தம். ஒரு முறை அழுத்தினால் ஒலிக்கிறது, உடனே மறுபடி அழுத்தினால் சத்தமே இல்லை. மேல் பலகையைத் திறந்து பார்த்தேன். அந்தக் கட்டைகளின் ஹேமர்கள் கம்பியை அடித்துவிட்டுத் திரும்பாமல் பாதி வழியில் நிற்கின்றன.

போன வருஷம் வந்த டியூனர், சென்டர் பின்களுக்கு, அதாவது ஹேமர்கள் அசையும் மூட்டுக்குக் குறுக்கே போகும் சின்ன உலோகப் பின்களுக்கு, விடுவதற்கென்று கொஞ்சம் மசகு கொடுத்துவிட்டுப் போனார். நாஃப்தா என்ற, சீக்கிரம் ஆவியாகும் பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்தது என்றார். அழுத்தினால் நசுங்கும் சின்ன பிளாஸ்டிக் பாட்டில், நுனியில் ஊசி. மூடியை இறுக்கித்தான் வைத்திருந்தேன். இப்போது எடுத்தால் பாட்டிலின் இரு பக்கமும் உள்வாங்கி இருக்கிறது, திரவம் பாதிதான் மிச்சம். ஒழுகிய தடம் எங்கும் இல்லை. அலமாரியைத் திறந்தால் லேசான நெடி.

இதைப் பயன்படுத்தலாமா? நாஃப்தா வாங்கி ஊற்றிப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாமா? இனி எதில், எங்கே வைப்பது? வீட்டில் டபிள்யூடி-40 இருக்கிறது, அதை ஒரு அடி அடித்தால் போதாதா என்று கணவர் கேட்கிறார்.

கம்பிமுறுக்கி

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் மேடம். டபிள்யூடி-40 வேண்டவே வேண்டாம். 1953-இல் சான் டியேகோவில், உலோகத்தின் மேல் படிந்த ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்த சரக்கு அது. கதவுக் கீலுக்கு நல்லது. கரைப்பான் பறந்த பிறகு எண்ணெய் தங்கிவிடும். பியானோவில் சென்டர் பின் சுழல்வது கம்பளித் துணிப் புஷிங்குக்குள், அதாவது மரத்துளையின் உட்சுவரில் ஒட்டிய துணிக்குள். கம்பளி அந்த எண்ணெயைக் குடித்துவிட்டுத் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதைவிடப் பெரிய பயம், ஸ்பிரே சாரல் கம்பிகளை முறுக்கிப் பிடித்திருக்கும் டியூனிங் பின்கள் மேல் படுவது. அந்தப் பின்கள் மரப் பிளாக்கில் வெறும் உராய்வால்தான் நிற்கின்றன. எண்ணெய் மரத்துக்குள் இறங்கினால் சுருதி நிற்காது. மரம் குடித்த எண்ணெயைத் திரும்ப எடுக்கவும் முடியாது. சிலிக்கான் ஸ்பிரேயும் ஆகாது. அது பட்ட இடத்தில் பின்னால் பாலிஷ் போட்டால் மெருகு படியாமல் குழி குழியாக விலகும்.

அப்புறம், மசகைத் தொடுவதற்கு முன் மந்தம் எங்கே என்று பாருங்கள். ஹேமர் திரும்பி வந்தும் கட்டை மட்டும் கீழேயே நின்றால், கோளாறு கட்டைக்கு அடியில் இருக்கும் பின்னிலோ அதன் புஷிங்கிலோ. அதற்குச் சென்டர் பின் மசகு பயன்படாது. கட்டையைத் தொடாமல் ஹேமரை விரலால் கம்பி வரை தள்ளி விட்டுப் பாருங்கள். சுறுசுறுப்பாகத் திரும்ப வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் சென்டர் பின்தான். மழைக்காலத்தில் சென்னையில் என்னைக் கூப்பிடுகிறவர்களில் நிறையப் பேர் வீட்டில் இரண்டு கோளாறும் கலந்தே இருக்கும்.

ஆய்வக_அக்கா

நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள், வீட்டில் பியானோவும் உண்டு. பாட்டில் விஷயத்தை நான் சொல்கிறேன்.

பாட்டில் ஒழுகவில்லை. நாஃப்தா அதன் சுவர் வழியாகவே வெளியேறியிருக்கிறது. நசுங்கும் பாட்டில்கள் பெரும்பாலும் அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன். நாஃப்தாவும் ஹைட்ரோகார்பன், பாலிஎத்திலீனும் ஹைட்ரோகார்பன். நாஃப்தா மூலக்கூறுகள் பிளாஸ்டிக்குக்குள் கரைந்து, சுவரைக் கடந்து, வெளிப்பக்கம் ஆவியாகிப் போகும். அதே வேகத்தில் காற்று உள்ளே வராததால் உள்ளழுத்தம் குறைந்து பக்கங்கள் உள்வாங்குகின்றன. அலமாரியில் நெடி வந்தது அதனால்தான். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் இது நிற்காது.

போனது கரைப்பான் மட்டும் என்பதைக் கவனியுங்கள். மசகின் மூலக்கூறுகள் பெரியவை, அவை உள்ளேயே இருக்கின்றன. பாதி குறைந்த பாட்டிலில் செறிவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. டியூனர் காட்டிக்கொடுத்த அதே ஒரு சொட்டை விட்டாலும் புஷிங்கில் தங்குவது இரண்டு சொட்டின் மசகு. திரவமும் கெட்டியாகிவிடுவதால் துணிக்குள் முன்போல ஊறாது.

நாஃப்தா ஊற்றிச் சரிசெய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடையில் நாஃப்தா என்று விற்பதெல்லாம் ஒரே பொருள் கிடையாது, கொதிநிலை வீச்சு சரக்குக்குச் சரக்கு மாறும். கொதிநிலை உயர்ந்த பங்கு அதிகமிருந்தால் புஷிங்கில் ரொம்ப நேரம் தங்கும். என்-ஹெக்சேன் அதிகமிருந்தால் அது உங்கள் நரம்புக்குக் கேடு. ஜப்பானிலும் இத்தாலியிலும் காலணித் தொழிலாளர்கள் பலருக்குக் கைகால் மரத்துப்போனது ஹெக்சேன் கலந்த பசையால்தான். லேபிளில் அல்லது பாதுகாப்புத் தரவுத் தாளில் கரைப்பான் பெயர் இல்லாத எதையும் மூடிய அறையில் திறக்காதீர்கள். ஹெப்டேன் என்று இருந்தால் அந்த நரம்புக் கேடு விஷயத்தில் அது மேல்.

இனிமேல் கண்ணாடி பாட்டில், சின்னது, நிறைய ஊற்றியது. மூடியின் உள்வட்டு டெஃப்லான் முகமாக இருக்கட்டும். ரப்பர் குமிழ் வைத்த சொட்டு மருந்து மூடி ஆகாது. நாஃப்தா ஆவியில் ரப்பர் ஊதும், அதிலுள்ள எண்ணெயும் பிசினும் உங்கள் மசகில் கலக்கும். ஊசி பாட்டிலில் அன்றைக்கு வேண்டிய அளவை மட்டும் ஊற்றுங்கள், வேலை முடிந்ததும் காலி செய்துவிடுங்கள். மருந்துக்கடை சிரிஞ்சு வேண்டாம், பிஸ்டன் ரப்பர் ஊதி நடுவழியில் சிக்கிக்கொள்ளும்.

பிளாட்_4பி

ஆவியாகிறதுதான் பிரச்சினை என்றால் கண்ணாடி பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன? நான் ஃபெவிக்விக்கை அப்படித்தான் வைக்கிறேன்.

ஆய்வக_அக்கா

ஃபெவிக்விக் வேறு, இது வேறு. தயவுசெய்து வைக்காதீர்கள். வீட்டு ஃபிரிட்ஜுக்குள் கதவு விளக்கின் சுவிட்ச், தெர்மோஸ்டாட் எல்லாம் இருக்கின்றன, அவற்றில் சின்னப் பொறி எழும். மூடியில் துளி கசிவிருந்தாலும் அந்த மூடிய பெட்டிக்குள் ஆவி சேரும். ஹெப்டேனின் தீப்பற்றுநிலை பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 4 டிகிரி. அதாவது ஃபிரிட்ஜ் குளிரிலும் எரியக்கூடிய ஆவியை அது விட்டுக்கொண்டே இருக்கும். ஆய்வகங்களில் இதற்கென்றே உள்ளே பொறி எழாத ஃபிரிட்ஜ் தனியாக வைத்திருக்கிறோம்.

வெயில் படாத பால்கனி அலமாரி, கீழ்த்தட்டு, அதில் ஒரு எவர்சில்வர் டப்பா, டப்பாவுக்குள் பாட்டில். பரண் வேண்டாம், சித்திரை வெயிலில் அங்கே கொதிக்கும். கேஸ் சிலிண்டர், இன்வெர்ட்டர், பூஜை அலமாரி மூன்றிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். குடிதண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஒரு நிமிஷம்கூட ஊற்றி வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் குடித்த குழந்தைகளை நம் ஊர் ஆஸ்பத்திரிகள் எவ்வளவு பார்த்திருக்கின்றன. யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். நேராக ஆஸ்பத்திரிதான்.

சட்டமும் இதே பக்கம்தான். 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டத்தில், தீப்பற்றுநிலை 23 டிகிரிக்குக் கீழே உள்ளவை ஏ வகுப்பு. விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். ஆனால் கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகக் கலத்தில் இருக்க வேண்டும், கண்ணாடியும் பீங்கானும் ஒரு லிட்டரைத் தாண்டக் கூடாது. பிளாஸ்டிக் அந்தப் பட்டியலில் இல்லை.

ஸ்கார்பரோ_ஆக்ஷன்

அக்கா போத்தல் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. நான் கனடாவில் பியானோ திருத்துகிறேன். இங்கே வாகனத்தில் வைத்திருக்கிற நசுக்குப் போத்தல்கள் ஒரு கோடைக்குள் இப்படித்தான் ஒட்டிப்போகும்.

மிஞ்சுகிற சரக்கைப் பற்றி நான் கொஞ்சம் கதைக்க வேண்டும், ஏனென்றால் பியானோவின் வரலாற்றில் இதனால் பட்ட பாடு பெரிது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஸ்டெயின்வே பியானோக்கள் பலவற்றில் ஹேமரைத் தூக்கிப் பார்த்தால் சென்டர் பின்னைச் சுற்றிப் பச்சைப் பசை இருக்கும். உராய்வைக் குறைக்கவென்று அந்தக் காலத்தில் மரத்திலும் துணியிலும் ஏற்றிய கொழுப்பும் எண்ணெயும் காலப்போக்கில் பின்னின் பித்தளையோடு சேர்ந்து செப்புச் சவர்க்காரமாக மாறியதுதான் அது. அந்தப் பச்சைக்கு எந்த மசகை விட்டாலும் கொஞ்ச நாள்தான் இளகும், பிறகு பழையபடி இறுகும். பின்னை உருவி, துணியையும் மாற்றினால்தான் தீரும். கனபேர் அந்த மரத்துண்டுகளையே முழுசாக மாற்றிவிடுகிறோம்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 1962-இல் ஸ்டெயின்வே நியூயோர்க்கில் துணியை விட்டுவிட்டு டெஃப்லான் புஷிங் போட்டார்கள். டெஃப்லானுக்கு மசகு தேவையில்லை, ஈரத்துக்கு ஊதாது. ஆனால் அதைச் சுற்றியிருக்கிற மரம் ஊதும், சுருங்கும். பருவம் மாற மாற புஷிங் தளர்ந்து டிக் டிக் என்று சத்தம் போட்டது. 1980-களின் தொடக்கத்தில் கம்பளித் துணிக்கே திரும்பிவிட்டார்கள். இன்றும் அந்தக் காலத்து கிராண்ட் ஒன்று வந்தால் முதலில் அந்தச் சத்தத்துக்குத்தான் காது கொடுப்பேன்.

ஆகவே, கரைப்பான் போன பிறகு துணியில் என்ன தங்கும் என்பதுதான் ஒரு மசகின் தரம். கரைப்பான் அதைத் துணிக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பறந்துவிட வேண்டும். இப்போது நாங்கள் பாவிக்கிற புரோடெக் சி.எல்.பி. போன்றவை இந்த வேலைக்கென்றே செய்தவை. தையல் மெஷின் எண்ணெயை லைட்டர் திரவத்தில் கலந்து வீட்டிலேயே தயாரிக்கிற பழைய பழக்கம் சில இடங்களில் இன்னும் உண்டு. உங்கள் பியானோவுக்கு அதைச் செய்ய வேண்டாம் தங்கச்சி.

குவயர்_பெஞ்ச்

எங்கள் சர்ச் பியானோவுக்கு வருகிறவர் மசகே விடுவதில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து சொட்டு விடுகிறார். அது சரியா?

கம்பிமுறுக்கி

சரியான முறைதான், ஆனால் வேலை வேறு. தண்ணீர் கம்பளியை ஊத வைக்கும். ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் பின், இரண்டுக்கும் நடுவே துணிக்கு விரிய இடமில்லாமல் தன்னைத்தானே நெருக்கிக்கொள்ளும். காய்ந்ததும் அந்த நெருக்கம் அப்படியே நின்று துளை ஒரு மயிரிழை பெரிதாகும். ஆல்கஹால் தண்ணீரை உள்ளே இழுத்துப் போகவும் சீக்கிரம் காயவும் உதவுகிறது. இது மசகு போலத் துணியை வழுக்கலாக்காது, துளையின் அளவைத்தான் மாற்றும்.

மழைக்காலத்தில் நான் இதைத் தொடுவதில்லை. காயவே காயாது, விட்ட மறுநாள் முன்னைவிட மந்தமாக இருக்கும், வீட்டுக்காரர் பயந்துவிடுவார். இன்னொன்று, பழைய பியானோக்களில் வெளி மெருகு ஷெல்லாக், பிரெஞ்சு பாலிஷ் என்போமே அது. ஆல்கஹால் ஒரு சொட்டு பட்டால் மெருகு கரைந்து தழும்பு விழும். சாந்தோம் மேடத்தின் பியானோவும் அந்த ரகமாகத்தான் இருக்கும்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கினால் சின்ன பாட்டிலாக வாங்குங்கள். திறந்து திறந்து மூடினால் நம் ஊர்க் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். லேபிளில் 99 சதவீதம் என்று இருந்தாலும் உள்ளே அந்த அளவு நிற்காது.

சாந்தோம்_அப்ரைட்

எல்லோருக்கும் நன்றி. ஹேமரை விரலால் தள்ளிப் பார்த்தேன், சென்டர் பின்தான். டியூனர் வெளியூரில் இருக்கிறார். போனில் கேட்டதற்கு, புதிய மசகு ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன், நீங்களே விடலாம் என்றார். எப்படி விடுவது என்று யாராவது கொஞ்சம் விவரமாகச் சொல்வீர்களா?

கம்பிமுறுக்கி

சொல்கிறேன். ஒரு ஹேமரைக் கிட்டத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். அது அசையும் மூட்டில் இரண்டு கை கொண்ட ஒரு மரத்துண்டு, அதன் நடுவே இன்னொரு மரத்துண்டு. குறுக்கே போகிறது பின். நடுத்துண்டு பின்னை இறுகப் பிடித்திருக்கும், இரண்டு கைகளிலும் உள்ள துளைகளில்தான் துணிப் புஷிங். பெரும்பாலும் சிவப்பு நிறம், குண்டூசித் தலை அளவு வட்டம், நடுவே பின்னின் முனை மின்னும். 20-ஆம் நம்பர் பின் 1.27 மில்லிமீட்டர்தான் தடிமன். சொட்டு போய்ச் சேர வேண்டியது அந்தச் சிவப்பு வட்டத்துக்கு, வேறெங்கும் இல்லை.

ஊசி நுனியில் ஒரு குட்டிச் சொட்டு திரளட்டும். அதைத் துணியில் தொட்டால் துணியே உறிஞ்சிக்கொள்ளும். அழுத்திப் பீய்ச்ச வேண்டாம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சொட்டு. உடனே கட்டையை இருபது முப்பது முறை அடியுங்கள். பிறகு அரை மணி நேரம் விட்டுவிட்டுப் பாருங்கள். முன்னேற்றம் இருந்தும் போதவில்லை என்றால் இன்னொரு சொட்டு. மூன்றாவது சொட்டு கேட்கும் பின்னுக்கு மசகு மருந்தில்லை. அதைக் குறித்து வையுங்கள், பின் மாற்ற வேண்டியிருக்கும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றில் பின் அரித்துப் போவது சகஜம்.

ஹேமர் ஃபெல்ட்டிலோ, கம்பியின் ஒலியை அடக்கும் டாம்பர் ஃபெல்ட்டிலோ படக் கூடாது. பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்துக் கட்டைகள் மேல் விரியுங்கள். மந்தமான கட்டைகளுக்கு மட்டும் விடுங்கள். நன்றாக ஓடுகிறதற்கும் சேர்த்து விட்டுவிடலாம் என்று தோன்றும், வேண்டாம்.

ஸ்கார்பரோ_ஆக்ஷன்

அந்தக் கடைசி வரிக்கு ஒரு காரணம் சேர்க்கிறேன். மழை போய் ஏர் கண்டிஷன் மாதங்கள் வரும்போது துணியும் மரமும் சுருங்கும். இன்று சரியாக ஓடுகிற பின்னுக்கு மசகு விட்டால் அப்போது உராய்வு அளவுக்கு மீறிக் குறைந்து ஹேமர் பக்கவாட்டில் ஆடும். இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போகிறபோது நாங்கள் தினமும் பார்க்கிற விஷயம் இது.

ஆய்வக_அக்கா

தொடங்குவதற்கு முன் ஒரு முக்கியமான கேள்வி. உங்கள் பியானோவுக்குள் பல்பு எரிகிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், நம் ஊரில் ஈரத்துக்காக அப்ரைட்டின் கீழ் அறைக்குள் 25 வாட் பல்போ சூடேற்றும் குழாயோ வைப்பது வழக்கம். நாஃப்தா, ஹெப்டேன் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனம். மேலே ஹேமரில் விட்டது வழிந்து சேரும் இடம் பெடல்களுக்கு மேலுள்ள அந்த அறைதான்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். 5 மில்லி ஹெப்டேன் முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 0.8 லிட்டர் ஆவி. காற்றில் ஒரு சதவீதம் கலந்தாலே அது தீப்பிடிக்கும் எல்லை. அப்படியென்றால் 5 மில்லியால் சுமார் 80 லிட்டர் காற்றை எரியத் தயாராக்க முடியும். அப்ரைட்டின் கீழ் அறை மொத்தமே 200 லிட்டர் சுமாருக்குத்தான் வரும். 88 ஹேமருக்கும் இரு பக்கம் விட்டால் 176 சொட்டு, சொட்டுக்கு 0.02 மில்லி என்றால் மூன்றரை மில்லி. நீங்கள் விடப்போவது அதில் சிறு பங்கு, அது பரவாயில்லை. ஆனால் ஊசி பாட்டில் கைதவறி உள்ளே விழுந்தால் ஒரே நிமிஷத்தில் அந்த அளவைத் தாண்டிவிடும். பல்பு ஹோல்டரில் ஒரு தளர்ந்த இணைப்பு, ஹீட்டரைத் தானாகப் போட்டு அணைக்கும் சுவிட்ச், இரண்டில் எதுவாக இருந்தாலும் ஒரு பொறி போதும்.

அதனால் வேலைக்கு முன்பே பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மேல், கீழ்ப் பலகைகள் இரண்டையும் கழற்றி வையுங்கள், ஜன்னலைத் திறங்கள். பகல் வேளையில் செய்யுங்கள். மாலை என்றால் யாராவது விளக்கேற்றுவார்கள், சாம்பிராணி போடுவார்கள், கொசு பேட்டை எடுத்துச் சடசடவென்று வீசுவார்கள். கொசு பேட் பொறி விடுவதற்கென்றே இருக்கும் கருவி. நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சொட்டு துடைத்த துணியைப் பால்கனியில் விரித்துக் காயப்போட்ட பிறகு குப்பைக்கு அனுப்புங்கள், சுருட்டிக் கூடையில் போடாதீர்கள்.

சாந்தோம்_அப்ரைட்

அக்கா, பல்பு இருக்கிறது. பியானோ வாங்கிய காலத்திலிருந்து எரிகிறது, அப்படி ஒன்று உள்ளே இருக்கும் நினைப்பே எனக்கு இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். ஹோல்டரை எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டுத்தான் மறுபடி போடப்போகிறேன்.

கம்பிமுறுக்கி

பல்பு பற்றி நல்ல கேள்வி கேட்டீர்கள் அக்கா. எங்கள் தொழிலில் பல்பு வைக்கச் சொல்கிறவர்களும் நாங்கள்தான், மசகு விடுகிறவர்களும் நாங்கள்தான். வேலை முடிந்து எவ்வளவு நேரம் கழித்துப் பல்பைப் போடலாம்?

ஆய்வக_அக்கா

பலகைகளைத் திறந்தே வைத்து, ஜன்னல் திறந்திருந்தால் சில மணி நேரத்தில் ஆவி போய்விடும். மறுநாள் காலை வரை விட்டால் நிம்மதி. கீழே குனிந்து முகர்ந்து பார்த்து நெடி இருந்தால் இன்னும் பொறுங்கள்.

சாந்தோம்_அப்ரைட்

நேற்று காலையில் செய்து முடித்தேன். ஹேமர்கள் இரண்டைத் தவிர எல்லாம் முதல் சொட்டிலேயே இளகிவிட்டன. நடு சி-க்கு மேலே உள்ள ஈ, எஃப் இரண்டும் இரண்டாவது சொட்டுக்கும் அசையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் எஃப்-இன் பின் முனையில் பச்சை தெரிகிறது. டியூனரிடம் சொல்லிவிட்டேன், ஊர் திரும்பியதும் பின் மாற்றித் தருவதாகச் சொன்னார்.

புதிய மசகு இப்போது கண்ணாடி பாட்டிலில், எவர்சில்வர் டப்பாவுக்குள், பால்கனி அலமாரியின் கீழ்த்தட்டில். தேதியும் கரைப்பான் பெயரும் எழுதி ஒட்டியிருக்கிறேன். உள்வாங்கிய பழைய பாட்டிலை என்ன செய்வது? சிங்க்கில் ஊற்றலாமா?

ஆய்வக_அக்கா

சிங்க்கிலும் ஊற்றாதீர்கள், மாடியிலிருந்து சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். குழாயின் வளைவில் தண்ணீருக்கு மேல் மிதந்து ஆவி விடும். உள்ளே இருப்பது நல்ல மசகுதான், செறிவு மட்டும் ஏறியிருக்கிறது. வாசல் கிரில் கேட்டின் கீல்களுக்கு விட்டுத் தீர்த்துவிடுங்கள். காலி பாட்டிலைத் திறந்து வெளியில் நன்றாகக் காயவிட்டு, பெயிண்ட் டப்பா, பழைய மருந்து போடும் வீட்டு அபாயக் கழிவோடு தனியாகக் கொடுங்கள்.